வாசகர் கேள்வி-பதில்: மொசைக் தரைகளும் அவற்றைத் தாங்கும் சாந்தும்

மொசைக் செய்யும் முறை பற்றியும், நகரங்களுக்கு அடியிலிருந்து வெளிப்படும் பழைய மொசைக் தரைகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். வெட்டிய சிறு கல், கண்ணாடி, பீங்கான் துண்டுகள் எல்லாவற்றையும் பொதுவாகச் ‘சில்லு’ என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): குடும்பத்துடன் இத்தாலிக்குச் செல்லவிருக்கிறோம். ரோமையும் வெனிஸையும் பார்த்தது போக ஒரு நாள் மீதம் இருக்கிறது. மொசைக் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போவதானால் எந்த ஊர்? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தயங்காமல் ராவென்னாவுக்குச் செல்லுங்கள். பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கி.பி. 402-இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகராகி, பிறகு ஆஸ்ட்ரோகோத் அரசன் தியோடோரிக்கின் ஆட்சியிலும், 540 முதல் பைசாந்தியப் பேரரசின் கீழும் இருந்த ஊர் அது. அந்த மூன்று ஆட்சிகளின் மொசைக் வேலைகளையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். அங்குள்ள 8 கட்டடங்களை யுனெஸ்கோ 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் சிறிய மண்டபத்தை முதலில் பாருங்கள். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் விதானம் முழுவதும் ஆழ்ந்த நீலம்; அந்த நீலத்தில் பொன் விண்மீன்கள். சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கற்பலகைகள் இருப்பதால் உள்ளே வெளிச்சம் குறைவு; கண் பழகும்வரை நின்று பார்த்தால்தான் நீலத்துக்குள் எத்தனை நீலங்கள் என்பது தெரியும். காலப்போக்கில் அந்த மண்டபத்தின் தரை மட்டம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே கட்டியவர்கள் நினைத்ததைவிட விதானம் நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

அதற்கு அருகிலேயே 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயம் இருக்கிறது. பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்துடன் நிற்கும் இரு காட்சிகளையும் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்க்கும்போது ஓரடி இடமும் ஓரடி வலமுமாக நகர்ந்து பாருங்கள். பொன் சில்லு என்பது இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு இடையில் தங்கத் தாளை வைத்து உருக்கிச் செய்தது. அத்தகைய சில்லுகளைச் சுவரில் ஒரே சமமாகப் பதிக்காமல், சிறிது சிறிது கோணம் மாற்றிச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். அதனால் நாம் நகரும்போது ஒளியும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சாய்வு எந்தப் புகைப்படத்திலும் பிடிபடுவதில்லை. நேரில் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

சாந்தப்பொல்லினாரே நுவோவோ தேவாலயத்தில் தியோடோரிக்கின் அரண்மனைக் காட்சி ஒன்று உண்டு. பைசாந்தியர் ஆட்சிக்கு வந்தபின் அதில் நின்றிருந்த மனித உருவங்களைப் பெயர்த்தெடுத்து, அந்த இடங்களில் திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். ஆனால் தூண்களின் குறுக்கே நீண்டிருந்த கைகளை விட்டுவிட்டார்கள். உடல் இல்லாத அந்தக் கைகளும் விரல்களும் இன்றும் வெண்மையான தூண்களின்மேல் தெரிகின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சுவர் மொசைக். தரை மொசைக்கையும் காண ‘கல் கம்பளங்களின் இல்லம்’ என்று அழைக்கப்படும் இடத்துக்குப் போங்கள். 1993-இல் நிலத்தடி வாகன நிறுத்துமிடம் அமைக்கத் தோண்டியபோது, தெரு மட்டத்துக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கீழே, 14 அறைகள் கொண்ட பைசாந்தியக் காலத்து மாளிகை ஒன்றின் தரைகள் வெளிப்பட்டன. சாந்தா எவுஃபேமியா என்னும் சிறிய தேவாலயத்துக்குள் நுழைந்து, படியிறங்கிச் சென்று பார்க்க வேண்டும். பருவங்களைக் குறிக்கும் உருவங்கள் கைகோத்து வட்டமாக ஆடும் காட்சி அங்கே இருக்கிறது. வெளியே வந்தபின் தெருமுனைகளில் தெருப் பெயர்ப் பலகைகளையும் பாருங்கள். அவற்றுள் பல மொசைக்கில் செய்தவை. சான் விட்டாலேயைச் சுற்றியுள்ள சந்துகளில் சில்லு வெட்டிக்கொண்டிருக்கும் பட்டறைகளும் உண்டு.

கேள்வி (திருச்சி வாசகர்): இத்தகைய தரைகள் எப்போதும் தற்செயலாகவே கிடைக்கின்றனவா? ஊரின் நடுவில் கிடைத்த பிறகு அவற்றை என்ன செய்கிறார்கள்? பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதுதானே பாதுகாப்பு?

பதில்: பெரும்பாலும் தற்செயல்தான், ஆனால் அந்தத் தற்செயலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மக்கள் தொடர்ந்து வாழும் ஊரில் இடிந்த கட்டடத்தின் செங்கலையும் கல்லையும் சமன்படுத்தி, அதன்மேலேயே அடுத்த கட்டடத்தை எழுப்புவார்கள். வெள்ள வண்டலும் சேரும். பல நூற்றாண்டுகளில் தெரு மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. சுவர்க் கல் மறுபயன்பாட்டுக்குப் போய்விடும். மரமும் கூரையும் அழிந்துவிடும். யாருக்கும் பயன்படாமல் கிடந்த இடத்திலேயே தங்கிவிடுவது தரை ஒன்றுதான். பிறகு குடிநீர்க் குழாய்க்கோ சாலைக்கோ ஆழமாகத் தோண்டும்போது அது வெளிப்படுகிறது.

இங்கிலாந்தின் ஃபிஷ்பர்னில் 1960-இல் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது ரோமானிய மாளிகை ஒன்றின் தடயம் கிடைத்தது. தொல்லியலாளர் பேரி கன்லிஃப் அதை அகழ்ந்தார். டால்பின்மீது அமர்ந்த மன்மதனின் தரை இன்றும் அங்கேயே இருக்கிறது. பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் 1982-இல் சாலைப் பணியின்போது பேராயரின் பெரிய தேவாலயம் ஒன்றின் தரை வெளிப்பட்டது. ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர் மொசைக். நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள். அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட 2021 ஆகிவிட்டது. வெரோனாவுக்கு அருகில் நெக்ரார் என்னும் ஊரில் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ரோமானிய இல்லத்தின் தடயங்களைக் கண்டிருந்தார்கள். ஆயினும் அதன் தரை 2020 மே மாதத்தில்தான் திராட்சைக் கொடிகளுக்கு அடியிலிருந்து மீண்டும் வெளிப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ரட்லண்ட் பகுதி வயல் ஒன்றில், ஊரடங்குக் காலத்தில், கிரேக்கக் காவிய வீரர்களான அக்கிலீஸும் ஹெக்டரும் போரிடும் காட்சியுள்ள தரை கிடைத்தது.

கிடைத்த பிறகு மூன்று வழிகள் உள்ளன: இருக்கும் இடத்திலேயே கூரை அமைத்துக் காட்டலாம், பெயர்த்துக் கொண்டுபோகலாம், அல்லது ஆவணப்படுத்திவிட்டு மீண்டும் மண்ணால் மூடலாம். பெயர்ப்பதே பாதுகாப்பு என்று நீங்கள் எண்ணுவதுபோலவே வல்லுநர்களும் நெடுங்காலம் எண்ணினார்கள். சில்லுகளின் மேற்பரப்பில் துணியைப் பசையிட்டு ஒட்டி, அடிச்சாந்தை அறுத்து, பகுதி பகுதியாகத் தூக்குவார்கள். பிறகு இரும்புக் கம்பி வைத்த சிமெண்ட் பலகையில் பதிப்பார்கள். அந்த இரும்பு துருப்பிடித்துப் பருத்து, பாதுகாக்க வேண்டிய மொசைக்கையே பிளந்துவிட்டது. 1977-இல் ரோமில் தொடங்கப்பட்ட மொசைக் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழுவின் முயற்சியால் இந்தப் பார்வை மாறியது. இயன்றவரை இடத்திலேயே வைத்துக் காப்பது, பழுதை அதே வகைச் சுண்ணாம்புச் சாந்தால் சரிசெய்வது, தவிர்க்க முடியாதபோது மட்டும் பெயர்ப்பது என்பதே இன்றைய நெறி.

அதில் எனக்கும் உறுதியான நம்பிக்கை உண்டு. பெயர்த்த மொசைக் ஓர் ஓவியமாகச் சுவரில் தொங்கலாம். ஆனால் அது எந்த அறையின் தரை, வாசலிலிருந்து நுழைபவர் எந்தப் பக்கமிருந்து பார்த்தார், விருந்தினரின் இருக்கைகள் எங்கே இருந்தன என்பதெல்லாம் அந்த இடத்தோடு போய்விடும். துருக்கியின் அந்தாக்யா நகரில் விடுதி ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது பெரிய தரை ஒன்று வெளிப்பட்டது. கட்டடத்தை எஃகுத் தூண்களின்மேல் உயர்த்தி, தரையை அடியில் அப்படியே விட்டார்கள். பழைய நிலநடுக்கங்களால் அந்தத் தரை துணி விரித்ததைப் போல அலையலையாக மடிந்திருக்கிறது. பெயர்த்திருந்தால் அதைச் சமப்படுத்தியிருப்பார்கள். நிலநடுக்கத்தின் சாட்சியம் மறைந்திருக்கும்.

மூடிவைப்பதும் நல்ல வழியே. வாசகர்கள் அதைக் குறையாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் உட்செஸ்டரில் தேவாலய வளாகத்துக்கு அடியில் கிரேக்கப் புராணத்து இசைஞன் ஓர்ஃபியஸ் விலங்குகள் சூழ அமர்ந்திருக்கும் பெரிய தரை ஒன்று இருக்கிறது. 1790களில் தொல்பொருள் ஆய்வாளர் சாமுவேல் லைசன்ஸ் அதை அகழ்ந்து ஆவணப்படுத்தினார். மக்கள் பார்க்கச் சில முறை திறந்தார்கள். 1973-க்குப் பிறகு திறக்கவில்லை. வெயிலும் உறைபனியும் வேர்களும் பார்வையாளர்களின் காலடிகளும் எட்டாத மண்ணுக்குள் அது நலமாக இருக்கிறது.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): பழங்காலத்தில் ஒரு மொசைக் தரையை எப்படி அமைத்தார்கள்? 1,500, 2,000 ஆண்டுகள் கழிந்தும் சில்லுகள் கழன்றுபோகாமல் இருப்பதற்கு என்ன காரணம்?

பதில்: காரணம் சில்லில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் 7ஆம் பகுதியில் தரை அமைக்கும் முறையை விளக்கியிருக்கிறார். மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் கைப்பிடிக்குக் குறையாத அளவுள்ள கற்களைப் பரப்ப வேண்டும். அடுத்து, மூன்று பங்கு புதிய சரளைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று கலந்து கொட்டி, மரக்கட்டைகளால் இடித்து, முக்கால் அடிக்குக் குறையாத கனத்துக்கு இறுக்க வேண்டும். அதற்கும் மேல், மூன்று பங்கு செங்கல் தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து ஆறு விரல் கனத்துக்கு ஓர் அடுக்கு. அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புச் சாந்து. அது ஈரமாக இருக்கும்போதே சில்லுகளைப் பதிப்பார்கள்.

செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கலவை நமக்கும் அந்நியமானது அன்று. சுர்க்கிச் சாந்து என்று நம் பழைய கொத்தனார்கள் அதை அறிவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய கட்டுமான முறையிலும் மேல்தளத்தில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போடுவார்கள். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் தன்மையைக் கலவைக்குத் தருகிறது. சிமெண்டைவிட அது மெதுவாக இறுகும். ஆனால் நிலம் சற்று அசைந்தால் உடையாமல் ஈடுகொடுக்கும்.

வரைபடத்தைச் சாந்தின்மேல் கீறியோ வண்ணத்தால் வரைந்தோ வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். இஸ்ரேலின் லோட் நகரில் 1996-இல் சாலைப் பணியின்போது கிடைத்த பெரிய தரையில் இதற்கு அரிய சான்று உண்டு. அதை உடனே காட்சிப்படுத்தப் பணம் இல்லாததால் மீண்டும் மூடிவைத்திருந்து, 2009-இல் பெயர்த்தார்கள். அப்போது அடிச்சாந்தில் வேலை செய்தவர்களின் காலடிகள் பதிந்திருந்தன. வெறுங்காலும் உண்டு, செருப்புக் காலும் உண்டு. வடிவத்துக்காகக் கீறிய கோடுகளும் அங்கே தெரிந்தன. பெயர் பொறிக்காத ஒரு கைவினைஞர் குழுவை இதைவிட அருகில் சென்று பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன்.

எல்லாத் தரைகளும் வெட்டிய சில்லால் ஆனவையும் அல்ல. மாசிடோனியாவின் பழைய தலைநகரான பெல்லாவில் கி.மு. 300-ஐ ஒட்டிய மான் வேட்டைத் தரை ஆற்றுக் கூழாங்கற்களால் ஆனது. அதைச் செய்தவராக க்னோசிஸ் என்ற பெயர் அதில் இருக்கிறது. நுட்பத்தின் மறு எல்லை பொம்பேயியில் 1831-இல் கிடைத்த அலெக்சாந்தர் மொசைக். ஏறத்தாழ 15 லட்சம் சில்லுகள் அதில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

கேள்வி (சென்னை வாசகி): எனக்கு ஓவியப் பயிற்சி இல்லை. வீட்டிலேயே மொசைக் செய்து பழக விரும்புகிறேன். எதில் தொடங்குவது? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: ஓவியப் பயிற்சி இல்லாதது இந்தக் கலைக்குப் பெரிய தடை அன்று, வரிசை பிடிக்கத் தெரிந்தால் போதும். முதல் வேலைக்கு முகமோ மயிலோ வேண்டாம். ரோமானியத் தரைகளின் ஓரங்களில் வரும் கயிற்றுப் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கிச் செல்லும் அந்த வடிவம் நம் சிக்குக் கோலத்தைப் போன்றதே. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்ற கணக்கு பிடிபட்டால் கை தானாக ஓடும். ஒவ்வொரு பட்டையிலும் ஓரத்தில் கறுப்பு, உள்ளே இரண்டு மூன்று வண்ணங்கள், நடுவில் வெள்ளை என்று ஒற்றைச் சில்லு வரிசைகளாகப் போகும். அதைச் செய்து முடிப்பவர் சில்லு வெட்டவும் வளைவில் பதிக்கவும் இடைவெளி காக்கவும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறார்.

சில்லுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. டைல்ஸ் கடைகளில் நீச்சல் குளத்துக்கான கண்ணாடி மொசைக் தாள்கள் கிடைக்கும். அவற்றிலுள்ள 20 மில்லிமீட்டர் சதுரங்களை நான்காக வெட்டினால் நல்ல அளவு. மீந்துபோன சுவர் டைல்ஸும் உடைந்த பீங்கான் தட்டும் பயன்படும். கல்லில் செய்ய ஆசை இருந்தால் கிரானைட், சலவைக்கல், கடப்பா கல் வெட்டும் பட்டறைகளில் கழிவாகக் கிடக்கும் கீற்றுகளைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு இரட்டைச் சக்கரம் வைத்த கட்டர் வேண்டும். டைல்ஸுக்கு டைல்ஸ் வெட்டும் கொறடு போதும். கல்லுக்கு இன்றும் பழைய முறைதான்: ஒரு மரக்கட்டையில் கூர்முனை மேலே பார்த்தபடி உளியைப் பதித்து, அதன்மேல் கல்லை வைத்து, வளைந்த இருமுனைச் சுத்தியலால் ஒரே தட்டு. 1922 முதல் இயங்கிவரும் இத்தாலியின் ஸ்பிலிம்பெர்கோ மொசைக் பள்ளியிலும் இந்தச் சுத்தியலும் உளியும் பயன்பாட்டில் இருக்கின்றன.

கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் அணியாமல் ஒரு சில்லும் வெட்டாதீர்கள். கல் தூளும் டைல்ஸ் தூளும் நுரையீரலுக்குக் கேடு. வேலை செய்த மேசையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் வெட்டவே வேண்டாம்.

அடிப்பலகை 30 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கட்டும். வீட்டுக்குள் மாட்டுவதற்கு 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் சரி. ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் பலகை வளைந்துவிடும்; ஆகவே நீர் கலந்த பசையை இருபுறமும் பூசிக் காயவிடுங்கள். ஒட்டுவதற்கு, உள்ளே வைக்கும் வேலைக்கு ஃபெவிகால் வகைப் பசை போதும். வெளியில் வைப்பதற்கும் ஈரம் படும் இடத்துக்கும் அது ஆகாது. சிமெண்ட் கலந்த டைல்ஸ் ஒட்டும் பசையே வேண்டும்.

பதிக்கும் முறை இரண்டு. நேரடியாகப் பலகையில் ஒட்டிக்கொண்டே போவது முதல் முறை. கனம் வேறுபட்ட சில்லுகளுக்கு அதுவே பொருந்தும். மேற்பரப்பு மேடுபள்ளமாக ஒளியைப் பிடிக்கும். இரண்டாவது, படத்தை இடவலம் மாற்றிப் பழுப்புத் தாளில் வரைந்து, மாவுப் பசையால் சில்லுகளின் முகத்தைத் தாளில் ஒட்டி, மொத்தத்தையும் கவிழ்த்துச் சாந்தில் பதித்து, காய்ந்தபின் தாளை நனைத்து உரிப்பது. நடந்து செல்லும் தரைக்குச் சமமான பரப்பு வேண்டும் என்பதால் இரண்டாவது முறையைக் கையாள்கிறார்கள். நீங்கள் முதல் முறையில் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வரிசையின் ஓட்டம். உருவத்தின் விளிம்பை முதலில் பதித்து, அதை ஒட்டிப் பின்னணி நிறத்தில் ஒன்றிரண்டு வரிசைகள் அதே வளைவில் சுற்றிவர வேண்டும். அதன் பிறகே பின்னணியை நேர் வரிசைகளால் நிரப்ப வேண்டும். ரோமானியத் தரைகளில் ஒரு பறவையையோ மீனையோ கூர்ந்து பார்த்தால், வெள்ளைப் பின்னணியிலும் இந்தச் சுற்று வரிசை இருப்பதைக் காண்பீர்கள். இது இல்லாத வேலையில் உருவம் பின்னணியில் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். கையில் கிடைத்த சில்லைக் கிடைத்த இடத்தில் திணித்து நிரப்பும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். சில்லை இடத்துக்கு ஏற்ப வெட்டுவதற்குச் சோம்பல் கூடாது.

ஒரு நாள் முழுதும் காயவிட்டபின், சில்லுகளின் இடுக்குகளை நிரப்பும் சாந்தாகிய கிரவுட் பூசுங்கள். வெள்ளைக் கிரவுட் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தேர்வு. ஆனால் அது ஒவ்வொரு சில்லையும் தனித்தனிப் புள்ளியாகக் காட்டிப் படத்தைச் சிதறடிக்கும். நடுத்தரச் சாம்பல் நிறம் வண்ணங்களை ஒன்றுசேர்க்கும். இடுக்குகளில் நன்றாக அழுத்திவிட்டு, இருபது முப்பது நிமிடத்தில் பிழிந்த பஞ்சால் துடைத்து, மறுநாள் உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): 1970களில் கட்டிய எங்கள் வீட்டின் மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடச் சொல்கிறார்கள். அதுவும் இந்தப் பழைய கலையில் சேருமா?

பதில்: சில்லுகளைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்கிய தரை அன்று அது, சலவைக்கல் துகள்களைச் சிமெண்டில் கலந்து, இறுகியபின் இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றியது. வெனிஸ் பகுதியில் வளர்ந்த தரை முறையின் வழிவந்தது. வேறு கிளை என்றாலும் மதிப்புக் குறைந்தது அன்று. பெரிய வெடிப்பு இல்லையென்றால் பெயர்க்க வேண்டாம். மீண்டும் ஒருமுறை தேய்த்து மெருகிட்டாலே புதிதாகிவிடும். அதே நிறத் துகளில் இன்று அதைப் போட்டுத் தரும் ஆட்கள் குறைந்துவருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (துபாய் வாசகர்): விடுமுறைக்கு ஜோர்டான் செல்கிறோம். பெட்ராவுக்குப் போகும் வழியில் மதாபா என்னும் ஊரில் நிறுத்துவார்களாம். அங்கே உள்ள வரைபடத்துக்கு ஏன் இவ்வளவு புகழ்?

பதில்: புனித பூமியின் வரைபடங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழமையானது அது என்பதே முதற்காரணம். 6ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயத்தின் தரையாக அமைத்தது. 1884-இல் அந்த இடத்தில் புதிய தேவாலயம் கட்ட முனைந்தபோது வெளிப்பட்டது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் அதில் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கட்டுமானத்தின்போதும் அதற்கு முன்பும் பெரும்பகுதி அழிந்து, இன்று சுமார் 16 மீட்டருக்கு 5 மீட்டர் பரப்பில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. 1965-இல் ஜெர்மானிய வல்லுநர்கள் அதைச் செப்பனிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் எருசலேமைத் தேடுங்கள். மதிலும் வாயில்களும் சூழ்ந்த நீள்வட்டமாகத் தெரியும். நடுவில் இருபுறமும் தூண்கள் வரிசையிட்ட நீண்ட தெரு ஒன்று ஓடுகிறது. அதன் ஓரத்தில் 542-இல் அர்ப்பணிக்கப்பட்ட நேயா என்னும் பெரிய தேவாலயமும் காட்டப்பட்டிருக்கிறது. எருசலேமில் பின்னர் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாட் நடத்திய அகழாய்வில் அந்தத் தெருவின் தென்பகுதியும் அந்தத் தேவாலயத்தின் அடித்தளமும் வரைபடம் காட்டிய இடத்திலேயே கிடைத்தன. 1,400 ஆண்டுகளுக்கு முன் தரையில் சில்லு பதித்தவர்கள் அவ்வளவு நேர்மையாக வேலை செய்திருக்கிறார்கள்.

பிறகு யோர்தான் நதியைப் பாருங்கள். சாக்கடலை நோக்கி நீந்திய மீன் ஒன்று உப்பு நீரை உணர்ந்து திரும்பி வருகிறது. சாக்கடலில் இரண்டு படகுகள்; படகோட்டிகளின் முகங்கள் மட்டும் கலைந்திருக்கும். உயிருள்ள உருவங்களைத் தரையில் காட்டக்கூடாது என்ற எண்ணம் பின்னர் வலுத்தபோது, சில்லுகளைப் பெயர்த்து மாற்றியமைத்ததன் அடையாளம் அது.

வரைபடத்தோடு திரும்பிவிடாதீர்கள், பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் அப்படித்தான் செய்கின்றன. அதே ஊரில் அப்போஸ்தலர் தேவாலயத்தில், கடலிலிருந்து எழும் பெண்ணாகக் கடலை உருவகித்த 578-ஆம் ஆண்டுத் தரை இருக்கிறது. சலமானியோஸ் என்ற கைவினைஞரின் பெயரும் அதில் இருக்கிறது. அருகிலுள்ள நேபோ மலையில் 530-ஐ ஒட்டிய வேட்டைக் காட்சித் தரை ஒன்று உண்டு. மதாபாவில் மொசைக் செய்யவும் செப்பனிடவும் இளைஞர்களுக்குக் கற்றுத் தரும் கல்வி நிறுவனமும் இயங்குகிறது.

கேள்வி (சிங்கப்பூர் வாசகி): மேற்கு ஆசிய நகரம் ஒன்றில் கடைக்காரர் ஒருவர் பழைய மொசைக் துண்டு என்று கையளவு கல்லைக் காட்டினார். நினைவுப் பொருளாக வாங்குவதில் தவறு உண்டா?

பதில்: வாங்காதீர்கள். போலி என்றால் பணம் வீண். உண்மையானது என்றால் எங்கோ ஒரு தரையில் ஒரு குழி விழுந்திருக்கிறது. துருக்கியிலுள்ள செயுக்மா என்னும் பழைய நகரில், ‘நாடோடிப் பெண்’ என்று அழைக்கப்படும் முகம் இருந்த தரையின் பிற பகுதிகளை 1960களில் திருடர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவற்றுள் 12 துண்டுகளை அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம், அவை வேறோர் ஊரைச் சேர்ந்தவை என்று நம்பி, 1965-இல் வாங்கியது. அவை செயுக்மாவினுடையவை என்று தெரிந்து திரும்பி வர 2018 ஆயிற்று. சைப்ரஸின் கனகாரியா தேவாலயத்திலிருந்து பெயர்க்கப்பட்ட 6ஆம் நூற்றாண்டு மொசைக்கைத் திருப்பித் தர 1989-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஆணையிட வேண்டியிருந்தது. நினைவுப் பொருள் வேண்டுமென்றால் இன்றைய பட்டறை ஒன்றில், செய்தவர் கையிலிருந்தே ஒரு சிறு பலகையை வாங்குங்கள். அந்தப் பணம் தொழிலுக்குப் போய்ச் சேரும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): மொட்டை மாடியில் வைக்க மேசை ஒன்றுக்கு மொசைக் செய்தேன். ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஓரத்திலிருந்து சில்லுகள் கழன்று வருகின்றன. மேலே புதிதாகக் கிரவுட் பூசினால் நிற்குமா?

பதில்: நிற்காது. பலகை சாதாரண பிளைவுட்டாகவும் பசை நீரில் கரைவதாகவும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மரம் ஒவ்வொரு மழைக்கும் ஊதி, ஒவ்வொரு வெயிலுக்கும் சுருங்கும். கண்ணாடியும் டைல்ஸும் அப்படி அசையமாட்டா. கிரவுட் எவ்வளவு பூசினாலும் அடியில் நிகழும் அசைவை நிறுத்தாது. கழன்றவற்றை எறிந்துவிடாமல், மேற்பரப்பின்மேல் ஒட்டும் தாளை அழுத்தி ஒட்டி, தட்டையான கரண்டியை அடியில் செலுத்தி, மொத்தத்தையும் பகுதி பகுதியாக எடுத்துவிடுங்கள். பழைய பசையை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். 12 மில்லிமீட்டர் சிமெண்ட் போர்டு ஒன்றையோ மெல்லிய கடப்பா கல் பலகையையோ அடிப்பரப்பாக எடுத்துக்கொண்டு, சிமெண்ட் வகைப் பசையைப் பற்கரண்டியால் பரப்பிப் பதியுங்கள். மேசையின் நடு சற்று உயர்ந்து ஓரம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது. ஓரச் சில்லுகளே முதலில் கழலும் என்பதால், சுற்றிலும் ஒரு பித்தளை அல்லது அலுமினியப் பட்டையைச் சில்லின் மேல்மட்டத்துக்குச் சமமாக வைத்து, இடுக்கில் சிலிக்கான் நிரப்புங்கள். கிரவுட் பூசியபின் மூன்று நாள் ஈரத் துணி போட்டு நிழலில் வையுங்கள். அதற்குப் பிறகு மாடிக்கு ஏற்றலாம்.